குலுக்கைக்கு இரண்டு வாய்!

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் நெல். பெருகாவிட்டால் சோளம், கம்பு, குதிரைவாலி.

விளைந்த தானியத்தைக் காப்பாற்ற, அந்தக் காலத்துக் கரிசல் வீடுகளில் குலுக்கை இருந்தது. குலுக்கை என்பது மண்ணால் செய்த தானியக் கூடு.

அதற்கு இரண்டு வாய். மேலே ஒரு பெரிய வாய். அடியில் ஒரு சிறிய வாய்.

தானியம் கொட்டுகிறவர் மேல்வாயில் கொட்டுவார். சமையலுக்கு எடுக்கிற பெண் அடிவாயைத் திறப்பாள். வேண்டியது விழுந்ததும் அடைத்துவிடுவாள். அவள் மேலே ஏற வேண்டியதில்லை. உள்ளே எட்டிப் பார்க்கவும் வேண்டியதில்லை.

கொட்டுகிறவர் வேறு, எடுக்கிறவர் வேறு என்பதைத் தெரிந்து செய்த ஏற்பாடு அது.

இன்று உலகம் முழுவதும் ஒரு புதுக் குலுக்கை வந்திருக்கிறது. அதில் இருப்பது தானியம் அல்ல. "சாப்ட்வேர்" என்னும் மென்பொருள். இந்தக் குலுக்கைக்கு மேல்வாய் நன்றாக இருக்கிறது. அடிவாய் மட்டும் கண்ணில் படுவதே இல்லை!

இதை மாற்றி அமைக்க வேண்டும். இதில் நம் வீட்டுக் காரியமும் அடங்கியிருக்கிறது.

அது என்ன குலுக்கை?

கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் தாமாக ஒன்றும் தெரியாது. "இதைச் செய், அதைச் செய்" என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்படிச் சொல்லிக்கொடுக்கும் கட்டளைகளின் கட்டுதான் மென்பொருள்.

சிலர் தாங்கள் எழுதிய மென்பொருளைப் பூட்டி வைப்பதில்லை. "எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே பார்க்கலாம். திருத்தலாம்" என்று பொதுவில் வைத்துவிடுகிறார்கள்.

அப்படி வைக்கும் இடத்துக்கு மென்பொருள் களஞ்சியம் என்று பெயர்.

இன்று அவற்றில் மிகப் பெரியது "கிட்ஹப்". அமெரிக்காவில் 2008-ம் ஆண்டு தொடங்கியது. 2018-ல் மைக்ரோசாப்ட் நிறுவனம் அதை 750 கோடி டாலருக்கு வாங்கியது. அதில் கணக்கு வைத்திருப்பவர்கள் 10 கோடியைத் தாண்டிவிட்டார்கள் என்று 2023 ஜனவரியில் அறிவித்தார்கள்.

அவர்களில் பலர் உள்ளே கொட்டுகிறவர்கள். மென்பொருள் எழுதுகிறவர்கள். அவர்களுக்காகவே அந்த இடம் அமைந்திருக்கிறது.

ஆனால், அங்கே வருகிறவர்கள் அவர்கள் மட்டும்தானா?

சேலை கேட்டால் நூலா?

திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு மாணவி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர். தாலுகா அலுவலகத்துக்குத் தமிழில் ஒரு மனு அடிக்க வேண்டும். ஒரு தமிழ் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது என்று யாரோ சொல்கிறார்கள். அவள் தேடுகிறாள். தேடல் அவளைக் களஞ்சியத்தில் கொண்டுபோய் விடுகிறது.

அங்கே அவள் முதலில் பார்ப்பது என்ன?

ஒரு பெரிய பட்டியல். வரிசையாகக் கோப்புகளின் பெயர்கள். எல்லாம் ஆங்கிலம். மென்பொருள் என்ன வேலை செய்யும் என்ற விளக்கம் பட்டியலுக்குக் கீழே கிடக்கிறது. பட்டியல் நீளமாக இருந்தால், அது வெகுதூரம் கீழே போய்விடுகிறது.

பக்கத்தில் பளிச்சென்று ஒரு பச்சைப் பொத்தான். அழுத்துகிறாள். "இறக்கிக்கொள்" என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. அதையும் அழுத்துகிறாள். ஒரு பெரிய கட்டு வந்து இறங்குகிறது.

திறந்தால், உள்ளே மென்பொருள் இல்லை. அது எப்படி எழுதப்பட்டது என்ற மூலக் கட்டளைகள்தான் இருக்கின்றன!

அருப்புக்கோட்டை நெசவாளர்களுக்கு இது சட்டென்று விளங்கும். சேலை வாங்க வந்த அம்மாளின் கையில் பாவு நூலையும் ஊடை நூலையும் கொடுத்து, "தறியில் ஏற்றி நெய்துகொள்ளுங்கள்" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

நூல் நல்ல நூல்தான். இலவசமும்கூட. ஆனால், அந்த அம்மாள் கேட்டது சேலை.

நெய்த சேலையும் அதே கடையில் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை! பக்கத்தின் வலது ஓரத்தில் "வெளியீடுகள்" என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல் இருக்கும். அதற்குள் போனால், ஓட்டத் தயாரான மென்பொருள் கிடைக்கும்.

அங்கேயும் ஒன்று அல்ல, பல கோப்புகள். விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு ஒன்று. லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு ஒன்று. செல்போனுக்கு ஒன்று. அவற்றோடு மூலக் கட்டளைகளின் கட்டு இரண்டு. எது தன் கம்ப்யூட்டருக்கு உரியது என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொல்வார்கள்?

அளந்து கிடைக்கும் இணையத்தில் பாதி அதற்குள் தீர்ந்துவிட்டது. "இது நமக்கு வராது" என்று அவள் மூடிவிடுகிறாள்.

இழப்பு அவளுக்கு மட்டும் அல்ல. அந்த மென்பொருளை இரவெல்லாம் உட்கார்ந்து எழுதியவருக்கும் இழப்புத்தான்.

தமிழுக்கு ஒரு கலப்பை

தமிழில் இலவச மென்பொருளுக்குப் பஞ்சம் இல்லை.

1999-ம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் "தமிழிணையம் 99" மாநாடு நடந்தது. அதைத் தொடர்ந்து "தமிழ்99" என்ற விசைப்பலகை முறையைத் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. உயிர் எழுத்துகள் இடது கைக்கு, மெய் எழுத்துகள் வலது கைக்கு என்று பிரித்து அமைத்த முறை அது. 2010 ஜூன் மாதம், யூனிகோடு எழுத்து முறையையும் அரசு ஏற்றது.

இந்த முறையில் தமிழை அடிக்க, "எ-கலப்பை" என்ற மென்பொருளைத் "தமிழா!" என்ற தொண்டர் குழு வெளியிட்டது. விலை கிடையாது. மூலக் கட்டளைகளும் எல்லாருக்கும் திறந்து வைக்கப்பட்டிருக்கின்றன.

பெயரைப் பாருங்கள்: கலப்பை! நிலத்தை உழுவதைப் போலக் கம்ப்யூட்டரில் தமிழை உழுவதற்கு வந்த கருவி.

கலப்பையைச் செய்கிற ஆசாரிக்கு மரமும் வேண்டும், உளியும் வேண்டும். உழுகிறவருக்குக் கலப்பை மட்டும் போதும். இருவரும் ஒரே பட்டறைக்கு வரலாம். ஆனால், உழவர் மரக்குவியலில் புகுந்து கலப்பையைத் தேடும்படி விடலாமா?

2005-ம் ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசின் சார்பில் சென்னையில் ஒரு குறுந்தகடு வெளியிடப்பட்டது. தமிழ் எழுத்துருக்களும் தமிழ் மென்பொருள்களும் அதில் இருந்தன. இலவசமாகக் கொடுத்தார்கள். ஒரே தட்டு. கம்ப்யூட்டரில் போட்டால் போதும். தேடவும் வேண்டாம், திகைக்கவும் வேண்டாம்.

அதற்குப் பிறகு மென்பொருள்கள் எத்தனையோ படி முன்னேறிவிட்டன. ஆனால், எடுத்துக்கொள்ளும் வழி அந்தத் தட்டைவிடச் சுலபமாக இருக்கிறதா? பல மென்பொருள்களுக்கு இல்லை என்பதே உண்மை.

போலிப் பொத்தான்கள்

வழி தெரியாதவர் வீட்டுக்குத் திரும்பினால் பரவாயில்லை. வேறு வழியில் போய் மாட்டிக்கொண்டால்?

"சோர்ஸ்போர்ஜ்" என்ற களஞ்சியம் 1999-ம் ஆண்டு தொடங்கியது. ஒரு காலத்தில் அதுவே பெரிய களஞ்சியம். 2013-ம் ஆண்டில் அங்கே ஒரு திட்டம் வந்தது. இலவச மென்பொருளை இறக்குகிறவர்களுக்கு, அதோடு சேர்த்து வேறு விளம்பர மென்பொருள்களையும் காட்டி ஏற்றுகிற திட்டம். போதாக்குறைக்கு, "இறக்கிக்கொள்" என்று எழுதிய விளம்பரப் பொத்தான்கள் வேறு. எது நிஜம், எது விளம்பரம் என்று தெரியாமல் மக்கள் ஏமாந்தார்கள்.

"கிம்ப்" என்ற படம் திருத்தும் மென்பொருளின் குழுவினர் வெறுத்துப்போய், 2013 நவம்பரில் அங்கிருந்து வெளியேறினார்கள். 2015-ல் மீண்டும் பெரிய கண்டனம் கிளம்பியது. 2016-ல் சோர்ஸ்போர்ஜ் கை மாறியது. புதிய உரிமையாளர்கள் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள்.

அந்த இடத்தில் இருந்த மென்பொருள்கள் நல்லவை. கெட்டது முகப்பு. முகப்பு கெட்டதால் நம்பிக்கையும் கெட்டது.

நேர்வழி தெளிவாக இல்லாவிட்டால், குறுக்குவழிக்காரனுக்குக் கொண்டாட்டம். இலவசமாகக் கிடைப்பதை விலைக்கு விற்பான். மென்பொருளோடு வைரஸையும் சேர்த்துக் கொடுப்பான். வீட்டு வரவு செலவும் வங்கிக் கணக்கும் அதே கருவியில் இருக்கும்போது, இது சின்ன விஷயம் அல்ல.

பாதி வேலை நடந்திருக்கிறது

களஞ்சியக்காரர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது.

தயாரான மென்பொருளை வைக்க, 2013-ல் கிட்ஹப் "வெளியீடுகள்" என்ற பகுதியைக் கொண்டுவந்தது. 2020 ஜூனில் பக்கத்தையே மாற்றி அமைத்தது. மென்பொருளைப் பற்றிய சிறு குறிப்பையும் வெளியீடுகளையும் வலது ஓரத்துக்குக் கொண்டுவந்தது. எழுதுகிறவர்களுக்கு அது சௌகரியமாக இருந்தது.

ஆனால், அதே மாற்றத்தில் பச்சைப் பொத்தானின் பெயரும் மாறியது. முன்பு அதன் மேல் "நகல் எடு அல்லது இறக்கிக்கொள்" என்ற பொருளில் எழுதியிருந்தது. மாற்றிய பிறகு "கட்டளைகள்" என்ற பொருளில் ஒரே ஒரு சொல்.

பெயர் உண்மையைச் சொல்கிறது. அந்த வகையில் நல்லதுதான். ஆனால், பக்கத்திலேயே பெரிய பொத்தான் இன்னும் நூலுக்குத்தான். சேலைக்கு ஓரத்தில் ஒரு சின்ன எழுத்து. அடிவாய் இருக்கிறது, ஆனால் மூலையில் மறைந்து இருக்கிறது.

வழிகாட்டிய இருவர்

இரண்டு வாய் வைத்துச் செய்ய முடியுமா? முடியும். செய்து காட்டியும் இருக்கிறார்கள்.

படமும் பாட்டும் ஓட்டும் "வி.எல்.சி." என்ற மென்பொருளைப் பலர் பார்த்திருப்பார்கள். ஆரஞ்சு நிறக் கூம்புதான் அதன் சின்னம். பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள பொறியியல் கல்லூரி ஒன்றில், 1996-ல் மாணவர்களின் வேலையாகத் தொடங்கியது. 2001-ல் எல்லாருக்கும் திறந்து வைத்தார்கள்.

அதன் முகப்புப் பக்கத்தில் பெரிய பொத்தான் ஒன்று. வருகிறவர் எந்தக் கருவியில் வருகிறார் என்று பக்கமே தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்ற மென்பொருளைக் கொடுக்கிறது. மூலக் கட்டளைகளை மறைக்கவில்லை. எழுதுகிறவர்களுக்கு வேறு வாசல் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று "கீமேன்". பல மொழிகளை அடிக்க உதவும் மென்பொருள். 1993-ல் லாவோஸ் நாட்டு மொழிக்காக முதலில் எழுதப்பட்டது. எ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகள் கீமேனின் மேல்தான் ஓடின! 2015-ல் எஸ்.ஐ.எல். என்ற அமைப்பு அதை ஏற்றது. பிறகு இலவசமாகவும் திறந்ததாகவும் ஆக்கியது.

கீமேன் பக்கம் வருகிறவரை, "உங்கள் மொழி எது?" என்று கேட்கிறது. மொழியின் பெயரைச் சொன்னால் விசைப்பலகையைக் காட்டுகிறது. கட்டளைகளைப் பார்க்க வேண்டியவர் கிட்ஹப்புக்குப் போகிறார்.

ஒரே தானியம். இரண்டு வாய். யாருக்கும் நஷ்டம் இல்லை.

"பட்டறைக்குள் ஏன் வருகிறீர்கள்?"

சிலர் ஓர் எதிர்வாதம் சொல்கிறார்கள்.

"களஞ்சியம் என்பது கடை அல்ல, பட்டறை. எழுதுகிறவர்கள் சம்பளம் வாங்காமல் எழுதுகிறார்கள். அலங்காரம் செய்ய அவர்களுக்கு நேரம் ஏது? வீட்டுக்காரர்கள் பட்டறைக்குள் ஏன் வருகிறார்கள்?"

இதில் நியாயம் இருக்கிறது. இலவசமாகக் கொடுப்பவரை வேலை ஏவக் கூடாது.

ஆனால், வீட்டுக்காரர்கள் வேண்டுமென்று வரவில்லை. தேடல் அவர்களை அங்கே கொண்டுவந்து விடுகிறது. வேறு கடை இல்லாதபோது, பட்டறையின் முன்பக்கம்தான் கடை. வந்தவருக்குத் திசை காட்ட ஒரு பலகை போதும். அதற்குப் பெரிய அலங்காரம் தேவை இல்லை.

தனி முகப்பு வேண்டுமானால் அதற்கும் வழி உண்டு. பொதுவில் வைத்த ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் ஒரு முகப்புப் பக்கத்தைக் கிட்ஹப் இலவசமாகவே தருகிறது.

இன்னொன்றும் உண்டு. இன்று எடுக்க வருகிற மாணவிதான் நாளை கொட்ட வருவாள். தமிழ் அடிக்கக் கற்றவள், ஒரு பிழையைக் கண்டால் சொல்வாள். பிறகு அதைத் திருத்தக் கற்பாள். முதல் நாளே அவளை விரட்டிவிட்டால், அடுத்த தலைமுறை எழுத்தாளர்கள் எங்கிருந்து வருவார்கள்?

மேல்வாயையும் மூடக் கூடாது

வீட்டுக்காரர்களின் வசதிக்காக மூலக் கட்டளைகளை ஒளித்துவிடலாமா? கூடவே கூடாது.

2020 ஏப்ரலில், கொரோனா காலத்தில், மத்திய அரசு "ஆரோக்கிய சேது" என்ற செயலியை வெளியிட்டது. மக்கள் அதைச் செல்போனில் சுலபமாக ஏற்றிக்கொண்டார்கள். "அது நம் விவரங்களை என்ன செய்கிறது?" என்ற கேள்வி எழுந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழி வேண்டும் என்று பலர் கேட்டார்கள். மே மாதம் 26-ந் தேதி அதன் கட்டளைகளைப் பொதுவில் வைப்பதாக அரசு அறிவித்தது. கிட்ஹப்பில்தான் வைத்தார்கள்.

எல்லாரும் உள்ளே பார்க்கமாட்டார்கள். பார்க்கத் தெரிந்த நாலு பேர் பார்த்தால், மற்றவர்களுக்குத் தைரியம். அதற்காகவே மேல்வாய் திறந்து இருக்க வேண்டும்.

ஆகவே, ஒன்றை அடைத்து மற்றொன்றைத் திறப்பது பரிகாரம் அல்ல. இரண்டும் வேண்டும்.

என்ன செய்யலாம்?

தமிழ் மென்பொருளைப் பொதுவில் வைக்கிற ஒவ்வொருவரும், பக்கத்தின் மேல்பகுதியில் இவற்றை வைக்கலாம்:

1. இது என்ன வேலை செய்யும்? ஒரே வரி. தமிழில்.

2. எந்தக் கருவியில் ஓடும்? பழைய கம்ப்யூட்டரில் ஓடுமா? அதையும் சொல்ல வேண்டும்.

3. ஓடும்போது எப்படி இருக்கும்? ஒரு படம்.

4. இறக்குவதற்குப் பெரிய பொத்தான் ஒன்று. எவ்வளவு பெரிய கோப்பு என்ற அளவும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

5. கடைசியாக எந்தத் தேதியில் திருத்தினார்கள்?

6. சிக்கல் வந்தால் யாரிடம் கேட்பது? தமிழில் கேட்கலாமா?

இவற்றுக்கு அடியில் ஒரு கோடு. அதன் கீழே, "எழுதுகிறவர்களுக்கு" என்று ஒரு தலைப்பு. மூலக் கட்டளைகள், உரிம விவரம், பிழைப் பட்டியல், கட்டும் முறை எல்லாம் அங்கே இருக்கட்டும்.

பக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. வீட்டிலுள்ள ஒரு பெரியவரை உட்கார வையுங்கள். "இதை இறக்குங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு வாய் திறக்காமல் பாருங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ, அங்கே பக்கத்தில் கோளாறு. அவரிடம் கோளாறு இல்லை!

இந்தச் சோதனைக்கு ஐந்து பேர் இருந்தாலே போதும் என்று ஜேக்கப் நீல்சன் என்ற அறிஞர் 2000-ம் ஆண்டில் எழுதினார். ஐந்து பேர் எந்தத் தெருவிலும் கிடைப்பார்கள்.

இளைஞர்களே, இது உங்கள் வேலை!

மென்பொருள் எழுதத் தெரிந்தவர்தான் உதவ முடியும் என்று எண்ண வேண்டாம்.

களஞ்சியத்தில் இருக்கும் விளக்கத்தை யார் வேண்டுமானாலும் திருத்தி எழுதி, உரியவருக்கு அனுப்பலாம். அவர் பார்த்துச் சம்மதித்தால் சேர்த்துக்கொள்வார். அதற்கு வேண்டியது நல்ல தமிழும் கொஞ்சம் பொறுமையும்தான்.

விருதுநகர் மாவட்டம், முன்னேறத் துடிக்கும் மாவட்டங்களின் பட்டியலில் 2018-ல் மத்திய அரசு சேர்த்த மாவட்டம். அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கொஞ்சம் தெரியும். அம்மாவுக்கு எது புரியும் என்பதும் தெரியும். சென்னையிலும் அமெரிக்காவிலும் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அந்த இரண்டாவது விஷயம் தெரியாது.

ஒரு மாணவர், ஒரு மென்பொருளின் முகப்புக்கு ஒரு பக்கம் தமிழ் எழுதட்டும். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அப்புறம், தாலுகா அலுவலக மனுவை அடிக்க வேண்டிய பெண், அடுத்தவர் கையை எதிர்பார்க்காமல் தன் வீட்டிலேயே அடித்துக்கொள்வாள்.